முதல் ஆலோசனை இலவசம்

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி.

ஐஸ்வர்யா கைப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்து உதறினாள். சீப்பு விழுந்தது, சாவிக்கொத்து விழுந்தது. செல்போன் மட்டும் விழவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் வாய்தா. ஏழு வயது மகள் ஹர்ஷினி இனி யாரிடம் வளர்வது என்று அன்றைக்கு முடிவாகும். அவள் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் போனுக்குள் இருந்தது.

ஒரு வீடியோ. புருஷன் மணிகண்டராஜ் நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவன். பிரிந்து வந்த பிறகு, வாரக்கடைசியில் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான். திரும்ப அழைத்துவரப் போனபோது, மூடியிருந்த கண்ணாடிச் சன்னல் வழியாக ஐஸ்வர்யா எடுத்த படம் அது. பின்னறையில் லைசென்ஸ் இல்லாமல் அடுக்கிய பட்டாசு மூட்டைகள், அவற்றின்மேல் உட்கார்ந்து பொம்மை விளையாடும் பிள்ளை. ரோட்டில் போன லாரி இரைச்சல் தவிர ஒரு பேச்சுக்கூட அதில் பதிவாகவில்லை.

"காப்பி எடுத்து வைக்கணும்னு தோணலையாம்மா?" விருதுநகர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. வினோலியா தலையில் அடித்துக்கொண்டார். "சரி, இன்னிக்கு எங்கெல்லாம் போனீங்க?"

"வக்கீல் தேடித்தான் மேடம். முதல்ல சூலக்கரை தருண்குமார் ஆபீஸ். வாட்ஸப்ல அவரு விளம்பரம் வந்துச்சு. குழந்தை வழக்கு, முதல் ஆலோசனை இலவசம்னு."

"அங்க பை எங்க இருந்துச்சு?"

"நாற்காலியில வச்சுட்டு முகம் கழுவப் போனேன். பிறகு ஓட்டல்ல இவகிட்டக் கொடுத்துட்டுக் கை கழுவுனேன். கடைசியா சாத்தூர் வக்கீல் யோபு. அவரு விரட்டிட்டாரு. அழுதுக்கிட்டே வெளிய வந்தவ பையை மறந்துட்டேன். திரும்பப் போயி எடுத்தேன்."

'இவ' என்றது பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடத் தோழி முத்துச்செல்வியை. ஸ்கூட்டியில் கூட்டிப்போனது அவள்தான். வேலை பார்ப்பது மணிகண்டராஜின் சித்தப்பா பிரஸ்ஸில். அதைக் கேட்டதும் வினோலியாவின் புருவம் ஏறியது.

"புருஷன் வீட்டு ஆளுக பேரு?"

"மாமனார் அய்யாதுரை. அத்தை பேரு..." ஐஸ்வர்யா நிறுத்திவிட்டாள்.

"அவ சொல்ல மாட்டா மேடம்," என்றாள் முத்துச்செல்வி. "மாமியா பேர வாயால சொல்லுத பழக்கம் அவுகளுக்குக் கிடையாது. ஆவுடைத்தாய். பேத்தியவும் அங்கன அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாக. இவளுக்கு அவ எப்பவும் ஹர்ஷினிதான்."

"இம்புட்டு நடந்த பிறகும் மாமியாளுக்கு மரியாதையா?" என்றார் வினோலியா.

"பழகிப்போச்சு மேடம்," என்று கண்ணைத் துடைத்தாள் ஐஸ்வர்யா.

உடனே ஜீப் நாரணாபுரம் போனது. பின்னறை காலி. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை.

"எதைத் தேடி வந்தீக? காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க," என்று சிரித்தான் மணிகண்டராஜ். வினோலியாவுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்தவர் கையோடு அவனுக்குத் தகவலும் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, சாத்தூர். வக்கீல் யோபு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு. புருஷன் பேரச் சொன்னதும் வெளிய போகச் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

"வீடியோவப் பாத்தீங்களா?"

"பாக்கல. வேற வக்கீல் நம்பர் வேணும்னா தாரேன், அந்தப் பொண்ணுகிட்டக் கொடுங்க." ஒரு நம்பரை எழுதி நீட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்த ஆளுதான் மேடம்," என்றார் ஏட்டு கருத்தப்பாண்டி. "மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்?"

வினோலியா அந்த நம்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜீப் சூலக்கரைக்குத் திரும்பியது.

தருண்குமார் எழுந்து நின்று வரவேற்றான். ஏ.சி. அறை, ஏலக்காய் டீ, தேன் ஒழுகும் பேச்சு.

"வீடியோவ முழுசாப் பாத்தேன் மேடம். போனை என் கண்ணு முன்னாலதான் பையில வச்சாங்க."

"கூட வந்த பொண்ணு?"

"உள்ளயே வரல, வாசல்ல வண்டியில இருந்துச்சு. அது யார்கிட்ட வேலை பாக்குதுன்னு விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன். மணிகண்டராஜ் உங்களுக்குப் பழக்கமா?"

"அந்தக் குடும்பத்தையே எனக்குத் தெரியாது. ஐஸ்வர்யா தங்கச்சி சொல்லிக் கேட்டதுதான். மூட்டை மேல ஆவுடை உக்காந்திருந்தது கண்ணுலயே நிக்குது. இந்தக் கேஸுக்கு நான் பீஸே வாங்கப்போறதில்ல."

வினோலியா டீயைக் கீழே வைத்தார்.

"மூட்டை மேல யாரு உக்காந்திருந்தா?"

"ஆவு..." தருண்குமாரின் வாய் அப்படியே நின்றது.

"படத்துல பேச்சுச் சத்தம் கிடையாது. கேஸ் பேப்பர்ல இருக்கிற பேரு ஹர்ஷினி. ஐஸ்வர்யா ஸ்டேஷன்லயே மாமியா பேரச் சொல்லல, உங்ககிட்டயா சொல்லியிருக்கும்? முத்துச்செல்வி உள்ள வரலைன்னு நீங்களே சொல்லுறீங்க. அந்தப் பேரு நாரணாபுரத்து வீட்டுக்குள்ள புழங்குறது. நீங்க அங்கன போயி வந்த ஆளு. எந்திரிங்க சார்."

போன் அவன் காருக்குள் கிடைத்தது. மணிகண்டராஜிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார் ஏட்டு. "வேலை முடிஞ்சதும் என்னைக் கழட்டி விட்டிருவான் சார், எனக்கும் ஒரு பிடி வேணும்ல," என்றான். திருடனுக்குத் திருடன்மேல் அம்புட்டு நம்பிக்கை! அந்த வாட்ஸப் விளம்பரத்தையும் அவனும் மணிகண்டராஜும் சேர்ந்து, தூண்டிலாக, ஊரிலேயே ஐஸ்வர்யா ஒருத்திக்குத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"அப்ப அந்த சாத்தூர்க்காரரு எதுக்கு விரட்டுனாரு?"

"மணிகண்டராஜ் முன்னமே அவருகிட்டப் போயித் தன் கதையச் சொல்லியிருப்பான், ஏட்டய்யா. ஒரு பக்கத்து ரகசியத்தக் கேட்ட வக்கீல் மறுபக்கத்துக்கு நிக்கக் கூடாது. அவன் வந்தான்னுகூட வெளிய சொல்லக் கூடாது. அந்த மனுசன் நேர்மையா இருந்தாரு, நாமதான் சந்தேகப்பட்டோம்."

யோபு எழுதிக் கொடுத்தது இன்பம் என்ற பெண் வக்கீலின் நம்பர். ஐஸ்வர்யா அவரையே அமர்த்தினாள்.

திங்கட்கிழமை. வீடியோவைப் பார்த்த ஜட்ஜ், பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். திரும்பி வந்து உத்தரவு போட்டார். பிள்ளை அம்மாவோடுதான் இருக்க வேண்டும். அப்பன் பார்க்க வேண்டுமானால் கோர்ட்டுக்கு வந்து பார்க்கலாம், வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது.

வராந்தாவில் ஐஸ்வர்யா மகளைத் தூக்கிக்கொண்டாள். "உள்ள என்ன தங்கம் சொன்ன?"

"அப்பா வீட்டுல மூட்டை மேலதான் தூங்குவேன், மூக்கு எரியும், தண்ணி குடிச்சாச் சரியாயிரும்னு சொன்னேன்."

"தூங்குவியா? இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலையே."

பக்கத்தில் நின்ற வினோலியாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை பேரை விசாரித்தவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐஸ்வர்யா மகளை இறுக்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.