பாடகர் குடித்த சுக்குக் கஷாயம்

மாலை 4.35.

அடையாறு திறந்தவெளி அரங்கின் ஒப்பனை அறையில், பாடகர் ஜெயராம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்து கிடந்தார். உதடு வீங்கியிருந்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் உருண்டு கிடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் பிரிந்துபோன ‘எரிகல்’ ராக் குழு, 1995 டிசம்பரின் அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேடையேறுவதாக இருந்தது. பள்ளி மாணவர்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். வாசலில் தொள்ளாயிரம் பிள்ளைகள்.

அந்த வரிசையில், விடுமுறை எடுத்துக்கொண்டு மகளுடன் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தேவானையும் நின்றாள். மகள் தமிழ்நிலாவுக்குப் பதினைந்து வயது. ஒரு மணி நேரமாக ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். “டிரம்ஸ் சித்தார்த்தன் இருக்காரே, குச்சியை விரல்லயே பம்பரம் மாதிரி சுத்துவாரும்மா! வேர்வையில வழுக்கக் கூடாதுன்னு கையில பவுடர் போட்டுக்கிட்டுத்தான் உக்காருவாராம். பத்திரிகையில போட்டிருந்தான்.”

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது: “டாக்டர் யாராவது இருந்தா மேடைக்குப் பின்னாடி வாங்க!”

மகளை அவள் தோழி ஒருத்தியிடம் விட்டுவிட்டு, போலீஸ் அடையாள அட்டையைக் காட்டியபடி தேவானை உள்ளே விரைந்தாள்.

4.50.

கூட்டத்திலிருந்து வந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு எழுந்தார். “உயிருக்கு ஆபத்தில்ல. இன்னிக்குப் பாட முடியாது.”

கிடார் வாசிக்கும் ஹபீபுர் ரஹ்மான் கேன்டீன் முத்தம்மாவை நோக்கிக் கை நீட்டினார். “இந்தம்மா கொண்டுவந்த கஷாயம்தான் மேடம். எதையோ கலந்துட்டாங்க.”

முத்தம்மாவின் கண் கலங்கியது. “நான் இன்னாத்துக்கும்மா கலக்கப் போறேன்? ஒரே குண்டான்ல சுக்கு போட்டுக் காச்சினேன். லைட்டுக்காரங்க அல்லாரும் குடிச்சாங்க. நானும் குடிச்சேன். நல்லாத்தான கீறோம்?”

“ஃபிளாஸ்க்கை எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?”

“நாலு மணிக்கும்மா. வச்சிட்டு வந்துட்டேன்.”

“அப்புறம் ரூமுக்குள்ள யாரு?”

“நான், ஜெயராம், சித்தார்த்தன், நாங்க மூணு பேருதான்” என்றார் ரஹ்மான், குரல் இறங்கி.

தேவானை கதவைச் சாத்தினாள். “செஞ்சது யாருன்னு தெரியாம ஒருத்தரும் வெளியே போகப் போறதில்ல.”

ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்தாள். சுக்குத் தூளோடு வெள்ளையாய்ச் சில நார்கள் ஒட்டியிருந்தன. ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பினாள். நூறு ஊசி குத்தியது போலிருந்தது.

“முத்தம்மா, புளி கரைச்சுக் கொண்டாங்க. அவர் வாய் கொப்பளிக்கட்டும்.”

5.10.

“ரஹ்மான், நாலு மணிக்கு என்ன செஞ்சீங்க?”

“கிடாருக்கு சுருதி சேர்த்தேன். கால் மணி நேரம் மேடைக்குப் போயிருந்தேன்.”

“ஜெயராம்?”

ஜெயராம் கண்ணாடிக்கு முன்னால் இருந்த சவரக் கத்தியைக் காட்டினார். முகம் மழிக்கக் குளியலறைக்குப் போயிருந்ததாகச் சைகை செய்தார்.

“சித்தார்த்தன்?”

மூலையில் சித்தார்த்தன் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “இங்கயேதான் இருந்தேன். ஃபிளாஸ்க்கைத் தொடவே இல்ல.”

“கையில என்ன?”

“ரெண்டு மணி நேரம் அடிக்கணும் மேடம். தோல் வெடிச்சிரும். எப்பவும் பூசுவேன்.”

தேவானை அவன் எதிரே போய் நின்றாள். “குச்சியை எடுத்துச் சுத்துங்க.”

எடுத்தான். விரலிலிருந்து வழுக்கிக் குச்சி தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க அவன் முயலவில்லை.

“எப்பவும் பவுடர் பூசுற கை இது. இன்னிக்கு மட்டும் ஏன் எண்ணெய்? பச்சைக் காட்டுக்கருணைக் கிழங்கைத் துருவினா கை அரிக்கும். எங்க வீட்ல எண்ணெய் தடவிக்கிட்டுத்தான் அதைத் தொடுவோம். உங்களுக்கு அது அரிச்சப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. சாறு பிழிஞ்சு தொண்டையில போனா எவன் பாடுவான்? டிரம் பெட்டியைத் திறங்க.”

பெட்டிக்குள் ஈரக் கைக்குட்டை ஒன்று சுருட்டிக் கிடந்தது. அதன் மடிப்பில் அதே வெள்ளை நார்.

சித்தார்த்தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “எங்க குழுவோட ஒன்பது பாட்டும் நான் போட்டது மேடம். பழைய கேசட்லயும் ஜெயராம் பேரு, இன்னிக்கு போஸ்டர்லயும் அவன் பேரு. கேட்டா, ‘அடுத்த தடவை பாத்துக்கலாம் மச்சி’ன்னான். ஒரு நாளாவது அவன் ஊமையா நிக்கட்டும்னு…”

“பழி இந்தம்மா மேல விழுமேன்னு தோணலியா?”



“புகார் கொடுக்குறீங்களா?” தேவானை ஜெயராமைக் கேட்டாள்.  அவர் பேனாவை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

6.05.

பின்வாசலில் ஜீப் காத்திருந்தது. சித்தார்த்தன் ஏறும்போது மேடையில் மைக் கரகரத்தது. ஜெயராமின் குரல் தகரத்தில் ஆணி கீறுவது போல வந்தது.

“எரிகல் பாட்டெல்லாம்… சித்தார்த்தன் போட்டது. இத்தனை நாள் நான் சொல்லல. எனக்கு இன்னிக்குக் குரல் இல்ல. நீங்க பாடுங்க.”

ரஹ்மானின் கிடார் தொடங்கியது. முதலில் பத்துக் குரல், பிறகு நூறு, பிறகு அரங்கமே பாடியது. ஒரு வரியும் தப்பவில்லை.

சித்தார்த்தன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

டிரைவர் சாவியைத் திருகப் போனார். தேவானை அவர் தோளைத் தொட்டாள்.

“இருங்க. இந்தப் பாட்டு முடியட்டும்.”