பர்ச்சு அறையில் ஓடிய நாடா

மைக் தேவதாஸின் சட்டைப் பையில்தான் இருந்தது. டேப் ரிக்கார்டரிலிருந்து அதைக் கழற்றியவன் அவனே. அப்படியிருந்தும், எந்தச் சத்தமும் ஏறியிருக்க முடியாத அந்த நாடாவில் யாரோ இருமினார்கள்.

பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டான். அதே இடத்தில் அதே வறட்டு இருமல், முடிவில் ஒரு செருமல். இந்த வீட்டில் அப்படி இருமியவர் மாமனார் ஏகாம்பரம் ஒருவர்தான். அவர் செத்து ஆறு மாதம் ஆகிறது.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்றதும் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன சுருள் அது, முழுக்க நடனப் பாட்டு. தேவதாஸிடம் வேறு சுருள் இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையின் முதல் அழுகையைப் பிடித்துவைக்க அவனுக்கு இடம் வேண்டும். மைக் இல்லாமல் பதிவு விசையை அழுத்தி ஓடவிட்டால் பழைய பாட்டு அழிந்து நாடா சுத்தமாகிவிடும்.

அவன் மனைவி மீனாச்சிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. "உன் பிள்ளை என் வீட்டில் தவழாது" என்று சாகும்வரை அவனிடம் சொன்னவர் அவள் அப்பா. ரப்பர் தோட்டத்துத் தமிழன் ஒருவன், வீட்டில் மலாய் பேசும் காஜா பெராங் செட்டி வீட்டுக்கு மருமகனாக வந்ததை அந்த மனுஷன் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இன்று போகி. செத்தவர்களுக்கு நடுவீட்டில் இலை போட்டுப் பரிமாறி, எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்தும் பர்ச்சு நாள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பார்க்கவோ ஒட்டுக்கேட்கவோ கூடாது. வீட்டின் ஒரே பிளக்கும் நடுவீட்டில்தான் இருந்தது.

"அபாங், பெட்டிய நிறுத்துங்க. அவங்க வர்ற நேரம்," என்றாள் மீனாச்சி புருஷனிடம், வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

"இது அழிக்கத்தான் ஓடுது லா. ஒண்ணும் கேக்காது."

"ஜாங்ஙான், அபாங். வேணாம்."

பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஓட்டவேண்டும் என்ற சோம்பலில், அவன் அதை ஓடவிட்டே கதவைச் சாத்திவிட்டான்.

இப்போது கதவு திறந்தாயிற்று. மீனாச்சி அடுப்படியில் இருந்தாள். சாம்பிராணிப் புகையும் மீன் குழம்பு வாசமும் மெழுகு உருகிய நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைக்க, அவன் தன் கையால் போட்ட ஐந்து இலைகளுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாடா எங்கேயோ தேய்ந்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

இருமலுக்குப் பின் சோறு பிசையும் சத்தம். எலும்பு உறிஞ்சும் சத்தம். பல வாய்கள், அவசரமில்லாமல்.

அப்புறம் ஒரு சிசு அழுதது. மெல்லிய, ஈரமான அழுகை. அதோடு சேர்ந்து இன்னொன்று.

இரண்டு.

தேவதாஸ் விசைப் பக்கம் கையை நீட்டினான். நிறுத்தவேண்டும் என்று தோன்றியது, பயத்தில் விரல் வரவில்லை.

மெல்வது நின்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் நிறுத்தியதுபோல் இருந்தது. ஏகாம்பரத்தின் குரல், மிக அருகில், சிரிப்போடு வந்தது.

"அவன் கேக்கறான்."

நாடாவில் யாரோ எழுந்து நகரும் சத்தம்.

"சத்து லாகி," என்றது குரல். இன்னும் ஒன்று.

இலை கிழியும் சத்தம்.

மூன்றாவது அழுகை.

விசையை அடித்தான். சுருள் நின்றது. அழுகை நிற்கவில்லை. அது முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அபாங்..." அடுப்படியிலிருந்து மீனாச்சி. "காலையிலேருந்து உதைச்சிக்கிட்டே இருந்துச்சு. இப்ப அசையல."

அவன் திரும்பினான்.

ஐந்து இலைகள். மாமனாரின் இலையை ஒட்டி, உள்ளங்கை அளவில் கிழித்துப் போட்ட மூன்று துண்டுகள். இரண்டில் பால் காய்ந்து கறையாகியிருந்தது.

மூன்றாவதில் ஆவி பறந்தது. பக்கத்தில் யாருமில்லை. பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.