மஞ்சள் கையுறை

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி நான்கு நாட்கள் ஆகிவிட்டன. பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அது வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். வீட்டில் யாருக்கும் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து வீட்டின் கடைக்குட்டி, ஆறு வயது வாண்டு, ஒரு கூத்து அடித்தான். அம்மா பாத்திரம் தேய்க்கப் போடும் மஞ்சள் ரப்பர் கையுறையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு திரிந்தான். அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனால், கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு ஓட்டம் பிடிப்பான்.

"வாடா, பக்கத்துல உக்காரு" என்று அப்பா கையை நீட்டினார்.

"வேண்டாம்ப்பா."

அப்பா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதை அக்கா சிட்டு பார்த்துவிட்டாள். அவளுக்குப் பத்து வயது. வாண்டுவைத் திட்டக் கிளம்பிய அம்மாவை, "இரும்மா, நான் கேக்கறேன்" என்று தடுத்தாள்.

வாண்டு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருந்தான். சிட்டுவும் எப்படியோ அங்கே புகுந்து உட்கார்ந்தாள்.

"கை வேர்க்கலையா உனக்கு?"

"வேர்க்குது."

"கழட்டேன்."

"கழட்டித் தொட்டா அப்பாவுக்கு நோய் பரவிடும். சித்திதானே சொன்னாங்க" என்று கையுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

சித்தி புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இருவரையும் ஒருநாள் அங்கே அழைத்துப்போயிருந்தார்.

"மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. செல்லுக்குள்ள இருக்கிற குட்டிச் சீட்டுன்னு வெச்சுக்கோங்க. 'இந்த வேலையை நிறுத்து'ன்னு சொல்லும். அதுல சில சீட்டு குறைஞ்சுபோனா, கட்டியில இருக்கிற செல் பிடி விட்டு வேற இடத்துக்குக் கிளம்பிடும்" என்றார் சித்தி. பிறகு கையுறை போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டு இருந்த ஒரு சின்னக் குழாயை எடுத்தார். "வெறுங்கை பட்டா போச்சு, சீட்டு கெட்டுடும்."

சிட்டுவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. தன் வெறுங்கை பட்டால் அப்பா உடம்புக்குள் இருக்கும் சீட்டும் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறான். சிரிப்பு வரவில்லை. இத்தனை பெரிய பயத்தை இந்தப் பொடியன் நான்கு நாளாகத் தனியாகச் சுமந்திருக்கிறானே என்று அழுகைதான் வந்தது. 'அப்படியெல்லாம் ஆகாது' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியாதே. சித்திக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவன் காதில் வைத்தாள்.

சித்தி உடனே அவனிடம் பேசினார்.

"தப்பு என்மேலதான்டா கண்ணு. நான் சொன்னது குழாய்க்கு. வெளியே எடுத்த சீட்டுதான் கை பட்டா கெடும். அப்பா உடம்புக்குள்ள இருக்கிறதை உன் கை ஒண்ணும் பண்ணாது. தொட்டா நோயும் பரவாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாண்டு கட்டிலருகே வந்து நின்றான். கையுறையோ வேர்வையில் ஒட்டிக்கொண்டு கழல மாட்டேன் என்றது. அக்காவும் தம்பியும் மல்லுக்கட்டி இழுத்தார்கள். உள்ளேயிருந்து வெளுத்துச் சுருங்கிய இரண்டு சின்னக் கைகள் வந்தன.

சிட்டு நடந்ததைச் சொன்னாள். அப்பாவின் கண் கலங்கியது.

"இதுக்காகவாடா? என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சுட்டேன்."

"உங்க சீட்டெல்லாம் நல்லா இருக்காப்பா?"

"தெரியலையே. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கணும்."

வாண்டு யோசித்தான். "அதுவரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்" என்று அப்பாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

சாப்பிடக் கூப்பிட்டபோதும் விடவில்லை. சிட்டுதான் தட்டைக் கொண்டுவந்து, தம்பிக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். அன்று தட்டு காலியானது.