அரசரின் தாடை

மாட்ரிட் அரண்மனையின் வடகோடியில் உள்ள ஓவியக்கூடத்திற்கு இருபது ஆண்டுகளாக வந்ததைப் போலவே அந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தேன். நிறம் அரைப்பதும், தலைமை ஓவியர் டான் கஸ்பார் தீட்டும் படங்களைப் பிரதி எடுப்பதும் என் பணி.

கூடத்தின் நடுவே, மன்னர் பெர்மூதோ அவர்களின் கறுப்பு வெல்வெட் உடையை அணிந்தபடி ஒரு மரப்பொம்மை நின்றது. பதினாறு வயது மன்னர் நேரில் வந்து நின்றது அரை மணி நேரமே. அதற்குள் இருமுறை உறங்கினார். மும்முறை அவருடைய வாயோரம் துடைக்கப்பட்டது. அவருடைய கீழ்த்தாடை நீண்டு தொங்கியது, வாய் மூடாது. தந்தையாருக்கும் பாட்டனாருக்கும் அவ்வாறே. அந்தத் தாடையின் முன்தான் நாடே மரியாதையுடன் தொப்பியைக் கழற்றியது.

படம் சனிக்கிழமை வியன்னாவிற்கு, மன்னருக்குப் பார்த்திருக்கும் மணப்பெண்ணிடம் செல்ல வேண்டும்.

"பொண்ணு பயந்துடக் கூடாது, ஓவியரே. சம்பந்தம் முறிஞ்சா உங்க பதவியும் போச்சு," என்றார் அரண்மனை அதிகாரி மொந்தால்வோ பிரபு.

"கவலையே படாதீங்க பிரபு. தேவதூதன் மாதிரி ஆக்கிடுறேன்."

பிரபு சென்றதும் டான் கஸ்பார் பொம்மையின் மார்பில் சுண்டினார். "பாத்தியா லோப்பே? இதுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசந்தான். இது எச்சில் வடிக்காது."

நான் சிரித்தேன். அதை மறைப்பது முறையன்று.

மாலைக்குள் படத்தில் தாடை சிறுத்தது. அழகிய, பொய்யான முகம்.

மறுநாள் காலையில் டான் கஸ்பார் பூட்டைத் திறந்தபோது, ஆறிப்போன சாக்லேட் பானத்தின் வாசனை வந்தது. அதற்கடியில், கல்லறை மெழுகுவர்த்தியின் புகை.

படத்தில் தாடை நீண்டிருந்தது.

"உன் வேலையாய்யா இது?"

"சத்தியமா இல்லீங்கய்யா. சாவி உங்ககிட்டதானே இருக்கு."

மீண்டும் சிறிதாக்கினார். வியாழனன்று மீண்டும் நீண்டிருந்தது, ஈரமாகவும் இருந்தது. துணியால் துடைத்தேன். துணியில் நிறம் ஒட்டவில்லை.

எச்சில்.

வெள்ளியன்று அவர் கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன் நின்றார். "செத்துப்போன உங்க பாட்டன் முப்பாட்டன் அத்தனை பேரும் வந்து நின்னாலும் சரி, எனக்கு இந்தத் தாடை வேண்டாம்!" என்று படத்தின் அடித்துணி தெரியுமளவுக்குச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, யாரோ எதையோ மெல்லும் ஒலி கேட்டது.

பொம்மையின் பக்கமிருந்து கேட்டது.

பொம்மைக்கு வாய் கிடையாது.

அவர் சிறிய தாடையைத் தீட்டி முடித்தார்.

சனிக்கிழமை படம் மாசற்று இருந்தது. "அடடா! மன்னர் அச்சு அசல் இப்படித்தானே இருக்கார்!" என்று வியந்தார் பிரபு, தினந்தோறும் மன்னரைக் காண்பவர். "என்ன ஓவியரே, பேச்சையே காணோம்?"

டான் கஸ்பார் தன் வாயை மறைத்திருந்த கைக்குட்டையை எடுத்தார்.

தாடை நீண்டு தொங்கியது. எச்சில் அவருடைய சட்டையில் சொட்டியது.

பிரபுவின் கை, அவரையும் அறியாமல், தொப்பியைக் கழற்றியது.

மெல்ல முடியாத டான் கஸ்பார் இரண்டு மாதத்தில் இறந்தார். பிணத்தின் தாடையைத் துணியால் மும்முறை கட்டினோம். மும்முறையும் அவிழ்ந்தது.

பதவி எனக்கு வந்தது. திருமணம் நிச்சயமான மகிழ்ச்சியில், மாகாண ஆளுநர்களுக்கு அப்படத்தின் பன்னிரண்டு பிரதிகள் வேண்டுமென்றார் பிரபு.

"தாடை இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கட்டும், லோப்பே."

அனைத்தையும் கண்ணால் கண்டவன் நான். ஆயினும் டான் கஸ்பாரைப் போலவே குனிந்தேன். "ஆகட்டும், பிரபு."

முதல் பிரதியை நேற்று மாலை முடித்தேன்.

இன்று காலை என் தலையணை நனைந்திருந்தது.