குகைக்குள் யார் கை?

எங்கள் வீட்டில் யாரும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை. சாத்தூர்ச் சந்தைக்கு நடந்தே வருகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டதற்காக, மழை கொட்டும்போதும் மாட்டுவண்டியில் ஏற மறுத்து, அதன் பின்னாலேயே நடந்து போனவர் எங்கள் பெரியவர் உக்கிரபாண்டி. வண்டிக்காரர் வழிநெடுகச் சிரித்தாராம். சிரிக்கட்டும். சொல் என்றால் சொல்தான்.

அந்தக் குடும்பத்துப் பெண் செல்லத்தாய். அணா போய் நயா பைசா வந்த வருடம் அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள்.

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை உண்டு. செல்லத்தாயின் அத்தை பஞ்சம்மாள் தலைமையில் பெண்கள் அங்கே உட்கார்ந்து, வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களைச் சுற்றுவார்கள். மருந்து அடைப்பதெல்லாம் தொழிற்சாலையில்தான். இங்கே பழைய தாளும் பசையும் மட்டுமே. அத்தை முதுகு வளையாமல் உட்காருவாள். அவள் சுற்றிய குழாயும் அவளைப் போலவே விறைப்பாக நிற்கும்.

பள்ளி விட்டு வந்ததும் பழைய தாள்களை ஒரே அளவாகக் கிழித்துக் கொடுப்பது செல்லத்தாயின் வேலை. பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, கிழிந்த புத்தகம் என்று எதெதுவோ வரும். அவள் எதையும் படித்துப் பார்த்ததில்லை. வாசிப்பு என்றால் அவளுக்கு வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்துவது. கத்தி முடித்தால் வீட்டுக்கு விடுவார்கள். அவ்வளவுதான்.

அன்று ஒரு தாளைக் கிழிக்கப் போனபோது முதல் வரி கண்ணில் பட்டது. 'ராஜாவின் காட்டில் ஆட்டைத் தேடிப் போன சிறுவன், குகைக்குள் நுழைந்தான்.'

அடுத்த வரியையும் பார்த்தாள். அவன் நுழைந்ததும் ஒரு பாறை உருண்டு வந்து வாசலை மூடிவிட்டது.

செல்லத்தாயின் கை நின்றுவிட்டது. யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கண் தானாக ஓடியது. கொட்டகை மறைந்தது. பசை வாடை மறைந்தது. குகையின் குளிர் மட்டும் உடம்பில் ஏறியது.

"ஏட்டி, தாள் எங்க?" என்றாள் அத்தை.

"அத்தே, பாறை மூடிருச்சு!"

"எந்தப் பாறை?"

செல்லத்தாய் உரக்க வாசித்தாள். பெண்கள் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். கடைசி வரி வந்தது. 'அப்போது இருளுக்குள்ளிருந்து ஒரு கை அவன் தோளைத் தொட்டது.'

தாள் அத்தோடு முடிந்துபோயிற்று.

மாரித்தாய் பசைக் கையோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாடி! யாரு கைட்டி அது?"

"பேய்தான்," என்றாள் சண்முகத்தாய்.

"பேய்க்கு ஏது கை? கள்ளப்பய கையா இருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

"நீ பாத்தியாக்கும்?"

"நீ பாத்தியாக்கும்?"

சண்டை முற்றியது. ஒரு குழாய்கூட உருளவில்லை.

"சண்டை போடாதீக!" என்றாள் செல்லத்தாய். "மிச்சக் கதைய நாளைக்கு நான் சொல்றேன்."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்றேன்னுட்ட. நம்ம வீட்டுச் சொல்லு அது. ஞாபகம் இருக்கட்டும்."

மிச்சக் கதை பழைய தாள் கட்டுக்குள்தானே இருக்கும் என்று செல்லத்தாய் நினைத்திருந்தாள். கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இல்லை. கடைசித் தாள்வரை பார்த்தாள். இல்லவே இல்லை.

மறுநாள் காலையில், பழைய தாள் கொண்டுவரும் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் சைக்கிளை வழிமறித்தாள்.

"அண்ணாச்சி, குகைக்கதைத் தாளு மிச்சம் எங்க இருக்கு?"

"நான் விருதுநகர்ல எடைக்கு வாங்கியாறேன் தாயி. பாதிப் புத்தகம் எனக்கு வந்தா, மீதி பலசரக்குக் கடைக்குப் போயிருக்கும். மிளகாய் வத்தல் மடிச்சிருப்பாக."

"அப்ப அந்தக் கை?"

"எந்தக் கையா இருந்தாலும் இந்நேரம் வத்தல் காரத்துல எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்!" என்று சிரித்துவிட்டு அவர் மணியடித்துப் போய்விட்டார்.

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன சொல் என்ன ஆவது? எங்கள் வீட்டில் மழையில் நனைந்து நடந்தவர்கள் இருக்கிறார்கள். கதையைப் பாதியில் விட்டவர்கள் இல்லை.

வகுப்பில் வாய் எல்லோரோடும் சேர்ந்து கத்தியது. மனசு குகைக்குள்ளேயே இருந்தது. பேயாக இருந்தால் தோளையா தொடும்? திருடனாக இருந்தால் கழுத்தையல்லவா பிடிப்பான்? வீட்டில் விளக்கு அணைந்தால் அவள் தோளைத் தேடித் தொடுவது யார்? தம்பி இருளாண்டி. ஏன் தொடுகிறான்? பயத்தில்.

செல்லத்தாய் சட்டென்று நிமிர்ந்தாள். குகைக்குள் இருப்பவருக்கும் பயம்தான்!

அன்று மாலை கொட்டகையில் கூட்டம் அதிகம். அடுத்த தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். தாள் இல்லாமல் சொன்னால் யார் நம்புவார்கள்? தாள் கட்டிலிருந்து கணக்குப் பரீட்சைத் தாள் ஒன்றை உருவி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"தோளைத் தொட்ட கை நடுங்கிச்சு. இருட்டுக்குள்ள ஒரு குரல் கேட்டுச்சு. 'தம்பி, தீப்பெட்டி வச்சிருக்கியா?'"

கொட்டகையே சிரித்தது.

"சிறுவன் குச்சிய உரசுனான். வெளிச்சத்துல பாத்தா, ராசா! வேட்டைக்கு வந்தவரு வழி தவறி உள்ள மாட்டிக்கிட்டாரு. கிரீடம் கோணலா இருந்துச்சு. அழுது அழுது மூக்கு சிவந்திருந்துச்சு."

"அட பாவமே!" என்றாள் மாரித்தாய்.

"ஏட்டி, நில்லு." தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்திருந்த சண்முகத்தாய் கையை நீட்டினாள். "ராசா காலத்துல ஏது தீப்பெட்டி? இந்த ஊருக்குத் தீப்பெட்டி வந்ததே எங்க அப்பன் காலத்துல!"

எல்லோரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள்.

"தாள்ல அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டாள் அத்தை.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அங்கே எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். செல்லத்தாய் தாளை மெல்லக் கீழே இறக்கினாள்.

"இல்ல அத்தே. இது கணக்குத் தாளு. மிச்சக் கதை எங்கயும் கிடைக்கல. சொல்றேன்னு சொல்லிட்டேனா, அதான் நானே யோசிச்சுச் சொன்னேன்."

பெண்கள் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தையின் முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

"தாள இங்க குடு."

செல்லத்தாய் கொடுத்தாள். அத்தை அதை வாங்கி, அளவு பார்த்து, சரக்கென்று இரண்டாகக் கிழித்தாள்.

"இது குழாய்க்கு. உன் கதைக்கு இது எதுக்கு? கையை வீசிக்கிட்டுச் சொல்லு."

மாரித்தாய் பெருமூச்சு விட்டாள். சண்முகத்தாய் மட்டும் விடவில்லை. "அப்ப தீப்பெட்டிய எடுத்துட்டுச் சிக்கிமுக்கிக் கல்லு வைக்கச் சொல்லு."

"தீப்பெட்டியே இருக்கட்டும்," என்றாள் மாரித்தாய். "நம்ம பக்கத்து, நம்ம காலத்து ராசான்னு வச்சுக்கிடுவோம். நீ ஒட்டுன பெட்டியாக்கூட இருக்கும்."

"அப்படின்னா சரி," என்றாள் சண்முகத்தாய், கொஞ்சம் பெருமையாக.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் அவள். "ஏட்டி, அந்த ராசா எம்புட்டு நாளா பட்டினி? பாறை நகருமா, நகராதா?"

"எனக்கே இன்னும் தெரியாது அத்தே. சொல்லச் சொல்லத்தான் தெரியும்."

"அப்ப சொல்லு."

செல்லத்தாய் கண்களை மூடிக்கொண்டாள். குகை அப்படியே இருந்தது. தீக்குச்சி வெளிச்சத்தில் ராஜா கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிறுவனும் அவரும் பாறைக்குத் தோள் கொடுத்தார்கள். ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு.

"நகருது!" என்று கத்தினாள் செல்லத்தாய். "அத்தே, பாறை நகருது!"