கஸ்டர்ட் ஊறும்வரை உயிர்

க்ரக்!

பெவர்லியின் இடது சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்தபோது வந்த சத்தம் அது.

அலறினாள்.

கேட்க ஆளில்லை. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டுக்கு வெளியே, வயல் நடுவில், ரூபார்ப் வளர்க்கிற இருட்டுக் கொட்டகை. அந்தச் சிவப்புப் புளிப்புத் தண்டுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். பயிர் நின்று பத்து வருஷம் ஆகிறது. இப்போது உள்ளே ஒரு மேஜை, ஒரு மண்வெட்டி, ஒரு பல்பு.

ஒரு பிணமும்!

பெவர்லிக்கு மூன்றடி தள்ளி அவளுடைய தம்பி ரஸ்ஸல் கிடந்தான். கண் திறந்திருந்தது. மண்டையும் திறந்திருந்தது.

"தம்பி மாதிரி நீயும் அடம் பிடிக்காத, பெவர்லி கண்ணு..."

குரல் டெஸ்மண்ட் ராம்ஸ்டனுடையது. யார்க்ஷயரில் பாதிக் கடைகளுக்கு வேப் ஜூஸ், அதாவது மின் சிகரெட்டில் ஊற்றி இழுக்கிற வாசனைத் திரவம், சப்ளை செய்கிறவன். நல்ல கோட்டு, நல்ல ஷூ, நல்ல எண்ணம் மட்டும் கிடையாது.

"அவனுக்குத் தெரியாதுடா. நிஜமாவே தெரியாது. அந்தக் கலவை என் ஒருத்திக்குத்தான் தெரியும்."

"அப்படித்தான் அவனும் சொன்னான். நம்ம நெவ்வுக்குக் கொஞ்சம் பொறுமை கம்மி."

நெவ் பின்னால் நின்றான். ஆறடி இரண்டு அங்குலம். கையில் வீல் ஸ்பேனர். அதன் நுனியில் ரஸ்ஸலின் முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

பெவர்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட கேண்டீனில் இருபத்தாறு வருஷம் சமைத்தவள். புருஷன் சிகரெட்டால் செத்ததும் இவள் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினாள். கடை ஜூஸ் பிடிக்கவில்லை. தன் அடுப்படியிலேயே கலக்க ஆரம்பித்தாள். வேகவைத்த ரூபார்ப், மேலே வெண்ணெய் மாவை உதிர்த்துச் சுட்ட கிரம்பிள், அதன்மேல் சுடச்சுட கஸ்டர்ட்... அந்த வாசனை மொத்தமும் ஒரே இழுப்பில்! லீட்ஸில் நடக்கும் கலவைப் போட்டியில் மூன்று வருஷமாக முதல் பரிசு அவளுக்குத்தான்.

மூன்று வருஷமும் இரண்டாம் பரிசு யாருக்கு?

டெஸ்மண்டுக்கு.

"லேப்ல குடுத்துப் பாத்தேன்," என்றான் அவன். "முப்பது பொருள் பேரு சொல்றான். எந்த எசன்ஸ்ல எத்தனை சொட்டுன்னு கேட்டா முழிக்கிறான். ஏப்ரல்ல என் பேர்ல அது கடைக்கு வரணும். சொல்லு."

"சொன்னா விட்ருவியா?"

"சொல்லலைன்னா இன்னும் ஒம்பது விரல் இருக்கு."

நெவ் மோதிர விரலைப் பிடித்தான்.

பெவர்லி தம்பியைப் பார்த்தாள். சனிக்கிழமை தவறாமல் வந்து, அவள் சுடும் கேக்கைக் குறை சொல்லிக்கொண்டே முழுசாகத் தின்கிறவன். தாங்க முடியவில்லை. அழுதாள். அழுது முடித்ததும் உள்ளே வேறு ஒன்று எழுந்து உட்கார்ந்தது. செத்துப்போகக் கூடாது... இவன்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கும்போது நான் செத்துப்போகவே கூடாது!

"எழுதிக்கோ," என்றாள்.

சொல்லச் சொல்ல டெஸ்மண்ட் எழுதினான். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு மேஜையில் தராசை வைத்தான். ரூபார்ப் எசன்ஸ், கஸ்டர்ட் எசன்ஸ், பிஸ்கட் எசன்ஸ்... ஒவ்வொரு சொட்டையும் எடை பார்த்து ஊற்றினான். கேனிலிருந்து கிளிசரின் சேர்த்தான். மூடியைத் திருகி, பாட்டிலைப் பத்து நிமிஷம் குலுக்கினான். ஒரு லிட்டர். கொலைகாரன்தான், ஆனால் கை சுத்தம்.

"முடிஞ்சுதா பாஸ்?" நெவ் ஸ்பேனரைத் தூக்கினான். "இவளையும் முடிச்சிரவா?"

"அடிப்பா," என்றாள் பெவர்லி. "தாராளமா அடி. நான் சொன்னது பொய்யா இருந்தா மட்டும் என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுக்கோங்க."

நெவ் டெஸ்மண்டைப் பார்த்தான்.

"இப்பவே இழுத்துப் பாத்துருங்க பாஸ்."

"இப்பத் தெரியாதுடா முட்டாள். இது கஸ்டர்ட்."

"கஸ்டர்ட்னா?"

"பழம் மட்டும்னா ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும். கஸ்டர்ட் இன்னிக்கு இழுத்தா பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இருட்டுல மூணு வாரம் ஊறணும். அப்பதான் ஒண்ணோட ஒண்ணு சேரும்."

"மூணு வாரமா? நீங்க கலக்குனது ஜூஸா, ஊறுகாயா?"

"வாயை மூடு."

"ஒரு பொணத்தையும் ஒரு பொம்பளையையும் வெச்சுக்கிட்டு மூணு வாரம் காவல் காக்கச் சொல்றீங்க... புட்டிங் வாசனைக்காக?"

டெஸ்மண்ட் பாட்டிலைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். மூன்று வருஷம் இரண்டாவதாக நின்றவனின் வயிற்றெரிச்சல் நெவ்வுக்கு எங்கே புரியப்போகிறது?

"இவ சொன்னது பொய்யா இருந்து, இவளும் போயிட்டா, கலவையும் போச்சு," என்றான் கடைசியில். "இருபத்தோரு நாள். அது சரியா வந்தா அன்னிக்கே இவ கதை முடியும். சரியா வரலைன்னா மீதி விரலை ஒடச்சு மறுபடி எழுதுவோம்."

ஆக, பெவர்லியின் உயிருக்கு இருபத்தோரு நாள் கெடு. கஸ்டர்ட் உபயம்!

டெஸ்மண்ட் பாட்டிலை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டப் போனான்.

"பூட்டிட்டுப் போயிடு," என்றாள் அவள். "கடைக்காரன் அப்படித்தான் செய்வான்."

அவன் கை நின்றது.

"என்னது?"

"நான் தினம் இழுத்துப் பாப்பேன். எந்த நாள்ல பழம் வருது, எந்த நாள்ல வெண்ணெய் ஏறுதுன்னு நாக்குல பதிஞ்சாதானே அடுத்த தடவை தானா கலக்க முடியும்? நீ ரெண்டாவது பரிசு வாங்குறதுக்குக் காரணம் இருக்கு, டெஸ்மண்ட்."

பளார்!

அறை விழுந்தது. உதடு கிழிந்தது. ஆனால் அவன் டிராயரைப் பூட்டவில்லை.

* * *

ரஸ்ஸலை அந்தக் கொட்டகை மண்ணிலேயே புதைத்தார்கள். அவள் கண் முன்னாலேயே! காலில் சங்கிலி, சங்கிலி மறுமுனை இரும்புத் தூணில். தூக்கம் வராதபோதெல்லாம் அந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நெவ் தினம் சிப்ஸும் டீயும் வாங்கி வந்தான்.

"உன் படம் போஸ்ட் ஆஃபீஸ்ல ஒட்டியிருக்கு," என்றான் ஒருநாள். "கண்ணாடி போட்டு, சிரிச்சுக்கிட்டு."

"என் தம்பி படம்?"

"பக்கத்துலயே."

அவள் சிப்ஸைத் தொடவில்லை. நெவ் அதையும் தின்றான்.

டெஸ்மண்ட் காலையில் வருவான். பாட்டிலைக் குலுக்குவான். தன் வேப்பில் ஊற்றி இழுப்பான்.

மூன்றாம் நாள் முகம் சுளித்தான்.

எட்டாம் நாள் புருவம் உயர்ந்தது. "பழம் வருது."

பதிமூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டான். "அடிப்பாவி... கஸ்டர்ட். அப்படியே இருக்குடி."

"இன்னும் ஏறும்," என்றாள்.

அன்றிலிருந்து அவன் வாயை விட்டு வேப் இறங்கவில்லை. சின்ன பாட்டிலில் ஊற்றிப் பையில் போட்டுக்கொண்டான். காரில் இழுத்தான். போனில் பேசும்போது இழுத்தான். ஒருநாள் அவளை உதைத்தான்; உதைக்கும்போதும் வாயில் அதுதான். லிட்டரில் பாதிக்குமேல் காலி.

பத்தொன்பதாம் நாள் ஏதோ யோசனையாகப் புகையை விட்டான். மறுபடி இழுத்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வேப்புக்குள்ள பஞ்சு பழசாயிடுச்சு."

* * *

இருபத்தோராம் நாள். காலை பதினொரு மணி.

நெவ் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். ரஸ்ஸலின் மேட்டுக்குப் பக்கத்தில் புதுக் குழி, ஆளுயரத்துக்குத் தயார்.  

டெஸ்மண்ட் புதுப் பஞ்சு மாட்டினான். ஊற்றினான். ஆழமாக இழுத்தான்.

காத்திருந்தான்.

மறுபடி இழுத்தான்.

"என்னடி இது?" குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணுமே இல்ல. வெறும் ஆவி."

"பாஸ்?"

"பழம் இல்ல. கஸ்டர்ட் இல்ல. வெந்நீர் மாதிரி இருக்கு. இவ என்னத்தையோ செஞ்சிட்டா."

"உன் நாக்குல கோளாறா இருக்கும்," என்றாள் பெவர்லி.

டெஸ்மண்ட் பையிலிருந்து புதினா மிட்டாயை எடுத்துக் கடித்தான். நெவ்வின் டீயைப் பிடுங்கிக் குடித்தான்.

"புதினா தெரியுது. டீயில சக்கரை தெரியுது. நாக்கு நல்லாத்தான் இருக்கு. நெவ், இவளோட அடுத்த விரலைப் புடி."

"நெவில் ஒரு இழுப்பு இழுக்கட்டும்," என்றாள் அவள் சட்டென்று. "அப்புறம் உன் இஷ்டம்."

நெவ் அதுவரை வேப்பை வாயில் வைத்ததே இல்லை. வாங்கினான். இழுத்தான். இருமினான்.

அப்புறம்... அவன் முகம் மாறியது!

"பாஸ், இது என்ன பாஸ்? ஸ்கூல்ல வெள்ளிக்கிழமை போடுவாங்களே, அது! ரூபார்ப், மேல மொறுமொறுன்னு, கஸ்டர்ட் வழிய வழிய... அச்சு அசல் அதேதான்."

டெஸ்மண்ட் அவனையே பார்த்தான்.

"எனக்கு வராதது உனக்கு மட்டும் வருதா?"

"சத்தியமா பாஸ். தூக்கலா இருக்கு."

"இருபது வருஷமா கலக்குறேன் நான். நீ பீரைத் தவிர எதையும் ருசி பாத்ததில்ல."

"இருக்குறதைத்தானே சொல்றேன்?"

"மூணு வாரம். நீயும் இவளும் மட்டும் இங்க." டெஸ்மண்ட் ஓரடி நெருங்கினான். "இன்னிக்கு ஒண்ணுமில்லாத ஜூஸைச் சூப்பர்னு சொல்ற. நான் நம்பி அதைக் கடைக்கு அனுப்பணும், நல்ல கலவையை நீங்க ரெண்டு பேரும் விக்கணும். அப்படியா?"

"பைத்தியமா உங்களுக்கு?"

பெவர்லி பெருமூச்சு விட்டாள். மெதுவாக, ஆனால் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே நெவில், இவன் நம்ப மாட்டான்னு."



"ஏய், நான் எங்க உன்கூட..." என்று நெவ் திரும்பினான்.

டெஸ்மண்டின் கத்தி அவன் விலாவில் இறங்கியது!

ஒரு குத்து. உருவினான். இன்னொரு குத்து. நெவ் காளை மாதிரி உறுமினான். வீல் ஸ்பேனர் காற்றில் அரை வட்டம் போட்டது. டெஸ்மண்டின் தாடை பிளந்தது. பற்கள் மேஜை மீது உருண்டன. அவன் தள்ளாடிக்கொண்டே மறுபடி கத்தியை ஓங்கினான். இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில்.

டெஸ்மண்ட் பின்பக்கமாகச் சரிந்தான். நேராகப் புதுக் குழிக்குள்!

எழுந்திருக்கவில்லை.

நெவ் தூணுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"ஆம்புலன்ஸ்..." என்றான். "போன்... என் பையில..."

பெவர்லி சங்கிலி எட்டுகிற தூரம் வரை தவழ்ந்து வந்தாள். அவன் பையில் கைவிட்டாள். போன் வந்தது. சாவியும் வந்தது. காலை விடுவித்துக்கொண்டாள்.

நெவ்வின் கை திடீரென்று அவள் கணுக்காலைப் பிடித்தது.

"ஓடுனா... கொன்னுருவேன்..."

ஐந்து லிட்டர் கிளிசரின் கேன் மேஜைக்கு அடியில் இருந்தது. முக்கால்வாசி நிரம்பியது. ஒன்பது விரலால் அதைத் தூக்கினாள். அவன் முழங்கை மீது போட்டாள். க்ரக்! முழங்கால் மீது போட்டாள். க்ரக்! மூன்றாவதாகத் தலைக்கு நேராகத் தூக்கினாள்...

தம்பியின் மண்மேடு கண்ணில் பட்டது.

வெகுநேரம் கேனைத் தூக்கியபடியே நின்றாள். மனசு முழுக்க 'போடு போடு' என்றது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் காயத்தில் அழுத்தினாள்.

"செத்துடாதடா நாயே. என் தம்பியை எப்படிக் கொன்னேன்னு கோர்ட்ல உன் வாயால சொல்லணும்."

மற்றொரு கையால் போலீஸுக்கு போன் செய்தாள்.

* * *

ஆஸ்பத்திரி. விரலில் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஹோல்ராய்ட்.

"ஒண்ணுதான் புரியல மேடம். அந்த ஜூஸை எங்க பசங்க ரெண்டு பேர் இழுத்துப் பாத்துட்டாங்க. தப்புதான், கண்டிச்சிட்டேன். பிரமாதமா இருக்குங்கறாங்க. அவனுக்கு மட்டும் ஏன் தெரியல?"

"நாள் பூரா ஒரே ஜூஸை இழுத்தா நாக்கு அந்த ஒரு ருசிக்கு மட்டும் செத்துப்போகும் சார். புதினா தெரியும், டீ தெரியும், அது மட்டும் தெரியாது. நடுவுல ரெண்டு நாள் வேற ஏதாவது இழுத்திருந்தா சரியாயிருக்கும்."

"இருபது வருஷம் கலக்குறவனுக்கு அது தெரியாதா?"

"கலக்குற எல்லாருக்கும் தெரியும். தன் நாக்குக்கு மட்டும் வராதுன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுக்குவோம். எனக்கே ரெண்டு தடவை வந்திருக்கு. அதனாலதான் அவனைத் தினம் இழுக்கச் சொன்னேன்."

ஹோல்ராய்ட் பேனாவை மூடினார். நிதானமாக அவளைப் பார்த்தார்.

"அப்ப நீங்க அவன்கிட்டச் சொன்ன கலவை..."

"சொட்டு மாறாம நிஜம். பொய்யா இருந்தா பதிமூணாம் நாளே கண்டுபிடிச்சிருப்பான். மீதி எட்டு நாளுக்கு அவனை இழுக்க வைக்கணும்னா அது ருசியா இருந்தாகணுமே."

அவர் கிளம்ப எழுந்தார். கதவு வரை போய்விட்டுத் தயங்கித் திரும்பினார். சட்டைப் பையில் வேப் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அவன் எழுதி வெச்ச சீட்டு ரத்தத்துல நனைஞ்சு போச்சு. படிக்க முடியல. சும்மா ஒரு ஆசைக்குத்தான் கேக்கறேன். கஸ்டர்ட் மட்டும் எத்தனை சொட்டு?"

பெவர்லி மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"அதைக் கேட்ட ரெண்டு பேர்ல ஒருத்தன் பிணவறையில இருக்கான், இன்னொருத்தன் விலங்கோட படுத்திருக்கான். யார் பக்கத்துல எடம் வேணும்னு சொல்லுங்க சார், ஆரம்பிக்கிறேன்."