மூன்றாவது மூச்சு

ஹெல்மெட்டுக்குள் இன்னொருவர் மூச்சு விடுவது சுண்டுவுக்குக் கேட்டது.

முதலில் காற்று என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து எதிர்க்காற்று, கழுத்துப் பட்டையின் இடுக்கில் புகுந்து விசிலடித்துக்கொண்டே வந்தது. ஆனால் காற்றுக்கு ஏற்ற இறக்கம் உண்டே தவிர, இழுத்து விடும் ஒழுங்கு கிடையாது. இதற்கு இருந்தது. உள்ளே இழுக்கும்போது லேசான கரகரப்பு, வெளியே விடும்போது ஈரமான ஒரு சத்தம். லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். பதினோரு வருஷமாக இருட்டுக் குழிக்குள் நின்று, பேரிங் தேய்கிறதா, இரும்புக் கயிறு உரசுகிறதா என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவள். தன் மூச்சு அவளுக்குத் தெரியும். நூறடி பின்னால் தன் பைக்கில் வந்துகொண்டிருக்கும் அக்காவின் மூச்சும் தெரியும். இது மூன்றாவது.

இரண்டு ஹெல்மெட்டுகளையும் இணைக்கும் இன்டர்காமில் அக்காவிடம் கேட்டாள், யாரோ மூச்சு விடுகிற மாதிரி இல்லையா என்று.

"நான்தான்டி. ரெண்டு நாளா மூக்கடைப்பு."

அதோடு விட்டுவிட்டாள். ஆனால் கைப்பிடியில் மாட்டியிருந்த இன்டர்காமின் சின்னத் திரையில், இணைப்பில் இருப்பவர்கள் எப்போதும் இரண்டு என்று காட்டும் இடத்தில் மூன்று என்று காட்டியது. பக்கத்தில் வேறு யாராவது பைக்கில் போனால் சில சமயம் அப்படிச் சேர்ந்துகொள்ளும். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் சேரும். சாலையோ அடிக்கோல் வைத்து இழுத்தது போல நேராகக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சரளைக்கல்லும் புழுதியும்தான். இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், சுவர் எழுப்பினது மாதிரி. மணி ஏழாகியும் வெயில் இறங்கவில்லை. இந்த வட கோடியில், இந்த மாதத்தில், சூரியன் மரங்களின் தலையை உரசிக்கொண்டு பக்கவாட்டிலேயே நகரும், அடங்கவே அடங்காது.

அவள் வேகத்தைக் கூட்டினாள். மூச்சும் கூடவே வந்தது.

திரும்பிவிடலாம் என்று அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்த அன்று, ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் சிக்கிய லிஃப்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே எடுத்துவிட்டு சுண்டு வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்கா அவளைக் கன்னத்தில் அறைந்தாள். அதன் பிறகு இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று அக்காவிடமிருந்து போன். நலம்கூட விசாரிக்கவில்லை. "வடக்கே போலாமாடி?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூட நாட்களில் இருவரும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த வரைபடம், சாலை முடிகிற இடத்தில் போட்ட சிவப்புப் புள்ளி, எல்லாம் சுண்டுவுக்கு அந்த ஒரு கேள்வியில் ஞாபகம் வந்துவிட்டது.

கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. முகம் பார்த்தால் இருவருக்கும் பேச்சு வராது. இன்டர்காமில் வந்தது. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால், காதுக்குள் குரல் மட்டும். அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முகமூடி போட்டபடி பேசியே பழகியவள். டாக்டர்களைப் பற்றி அவள் சொன்ன கதைகளுக்குச் சிரித்துச் சிரித்து சுண்டு ஒருமுறை பைக்கோடு பள்ளத்தில் இறங்கப் பார்த்தாள். இந்த உறவு இப்போதுதான் ஒட்டியிருக்கிறது. பசை காயவில்லை. யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லி அதைப் பிய்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசி பெட்ரோல் பங்க் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எண்ணெய் வாடை, கம்பளி ஈர வாடை, சுவரோரம் பழைய டயர்கள். பங்க்காரர் ஐம்பது வயதிருக்கும். ஆள் நடமாட்டம் பார்த்து நாளானவர் போல வாயைத் திறப்பதற்கே யோசித்தார். இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். அக்கா காப்பி கேட்டாள். அவர் தண்ணீரைச் சுட வைக்கத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேசைமேல் இருந்த ஹெல்மெட்டுகளுக்குள்ளிருந்து அந்த மூச்சு வந்துகொண்டிருந்தது. இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

அவர் ஒரு பழைய துண்டை எடுத்து இரண்டு ஹெல்மெட்டுகளின் மேலும் போர்த்தினார். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி அவ்வளவு மெதுவாக.

"அத வெளியில வெச்சுட்டு வந்திருக்கலாம்" என்றார்.

என்ன அது என்று அக்கா கேட்டாள். அவர் ஒரு நோட்டை எடுத்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, இரண்டு பைக்குகளின் நம்பரையும் எழுதினார். பக்கத்தின் இடது பாதியில் வடக்கே போன வண்டிகள். வலது பாதி திரும்பி வந்த வண்டிகளுக்கு. லாரிகள் எல்லாம் இரண்டு பக்கத்திலும் இருந்தன. பைக் நம்பர்களுக்கு நேராக வலது பக்கம் வெறும் கோடு.

சுண்டுவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள். வேறு வழியாகத் திரும்பியிருப்பார்கள் என்றாள்.

"வேற வழி கிடையாதும்மா" என்றார் அவர்.

வெளியே வந்ததும் சுண்டு வாய்விட்டே சொன்னாள், திரும்பிவிடலாம் என்று. இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர்தான், பாதியில் திரும்பவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அக்கா கேட்டாள். இன்டர்காமையாவது அணைத்துவிடுவோம் என்றதற்கு, வேண்டாம் என்றாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டியில போறப்ப சொல்றேன்" என்றாள்.

அதற்காகத்தான் சுண்டு போனாள். வேறு எதற்காகவும் இல்லை.

நாற்பது கிலோமீட்டர் போயிற்று. மூச்சு மட்டும் கூட வந்தது. இப்போது அதில் களைப்பு இல்லை, அவசரம் இல்லை. மேடு ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஒரே தாளம். வலப்பக்க மரங்களுக்குள் எதுவோ இணையாக நகர்வது போல நிழல்கள் ஓடின. வெயில் சாய்ந்து அடிக்கும்போது எல்லா மரத்தின் நிழலும் ஓடத்தானே செய்யும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"சுண்டு. அன்னிக்கு நான் உன்னை அடிச்சது..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த பைக் கண்ணில் பட்டது.

சாலையோரம் சாய்ந்து கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் இல்லை. சரளையில் ஒரு உடம்பை இழுத்துப்போன ரத்தத் தடம் மரங்களுக்குள் போனது.

நிறுத்தாதே என்று சுண்டு கத்தினாள். அக்கா அதற்குள் நிறுத்திவிட்டாள். முதலுதவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியும்விட்டாள். பதினெட்டு வருஷம் தியேட்டரில் நின்ற உடம்பு. ரத்தத்தைப் பார்த்தால் அது கேட்காமலே நடக்கும். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பேசிக்கொண்டே போகிறேன், பயப்படாதே என்றாள். சிவப்பு ஜாக்கெட்டும் வெள்ளை ஹெல்மெட்டும் மரங்களுக்கிடையில் இரண்டு முறை தெரிந்தன. பிறகு குரல் மட்டும்.

சுண்டுவும் வண்டியை நிறுத்தி இறங்கி, டயர் கழற்றும் இரும்பு லீவரைப் பையிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அக்கா சொல்லிக்கொண்டே போனாள். நிறைய ரத்தம். ஒரு கையுறை. இதோ ஆள். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட்.

"உயிர் இருக்குடி. மூச்சு விடுறது கேக்குது."

சுண்டுவுக்கும் கேட்டது. காதுக்குள். மிக அருகில்.

"அக்கா. தொடாத. வந்துடு."

"ஹெல்மெட்டைக் கழட்டுனாத்தான..."

பட்டைக் கொக்கி கழலும் சத்தம். அதோடு மூன்றாவது மூச்சு நின்றது.

அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உள்ள..."

பிறகு அலறல். சுண்டு அக்கா அலறிக் கேட்டதே இல்லை. அது ஹெல்மெட்டுக்குள் நிறைந்து, பல்லில் அதிர்ந்தது. அலறலுக்கு நடுவே ஒரு சத்தம், கோழிக்கால் மூட்டைத் திருகிப் பிரிப்பது போல. மறுபடியும் அதே சத்தம். அலறல் பாதியில் அடைபட்டது.

கால்கள் நகரவில்லை. போ, போ என்று தன்னைத்தானே திட்டினாள். நகரவில்லை. போனில் சிக்னல் இல்லை. கீழே கிடந்த பைக்கின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்திரி கிழிக்கும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒரு முறை. இரண்டு முறை. அக்கா காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள் என்று நினைத்ததும் அவளுக்குப் போன உயிர் வந்தது.

"அக்கா?"

"ம்."

"அடிபட்டிருக்கா?"

"ம்."

அப்புறம் ஜிப் இறங்கும் சத்தம். துணி உரசும் சத்தம். மறுபடி ஜிப், இந்தத் தடவை ஏறும் சத்தம். கொக்கி மாட்டும் சத்தம், இரண்டு முறை. எவ்வளவு கூப்பிட்டும் வேறு பேச்சில்லை. கால் மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

மரங்களுக்குள்ளிருந்து அது வந்தது.

கறுப்பு ஜாக்கெட். கறுப்பு ஹெல்மெட். ஒரு காலை இழுத்துக்கொண்டு. இரண்டு கைகளும் தோளிலிருந்து கழன்றவை போல முன்னும் பின்னும் ஆடின, நடைக்குச் சம்பந்தமில்லாமல். காதுக்குள் மூச்சு. வேகமாக. மூக்கால் மட்டும். அது நேராக அவளிடம் வந்தது. ஓடி வந்தது. வந்த வேகத்தில் மோதி, கறுப்புத் தலையை அவள் நெஞ்சில் வைத்து அழுத்தியது. முட்டியது. உள்ளே எதுவோ முனகியது.

சுண்டு அடித்தாள்.

முதல் அடி பயத்தில். இரண்டாவது அடி அக்காவுக்காக. அது முழங்காலில் சரிந்தது. கைகளை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. அவள் நிறுத்தவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். விலாவில். எலும்பு உடைவது லீவரின் வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக எங்கோ உட்கார்ந்திருந்த கோபம் ஒன்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் முன்னால் எரிந்த கன்னம் மறுபடி எரிந்தது. யாரை அடிக்கிறோம் என்பதே மறந்து போயிற்று. ஹெல்மெட் கண்ணாடி விரிசல் விட்டது. அடித்தாள். இன்னும். இன்னும்.

ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள் ஒரு முனகல். பிறகு முனகல் இல்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். லீவரின் முனையிலிருந்து சொட்டியது. கீழே பார்த்தாள்.

பூட்ஸ்.

பழுப்பு நிற பூட்ஸ். இன்று காலை லேஸ் அறுந்து, அவளே தன் பையிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்துக் கொடுத்துக் கட்டிய பூட்ஸ்.

இல்லை.

மண்டியிட்டாள். கண்ணாடி பாதியில் சிக்கியது. இழுத்தாள். திறந்தது.

வாய் முழுக்கப் பிளாஸ்திரி. ஒரு காதிலிருந்து மறு காது வரை, வரிவரியாக, ஒரு சுருக்கம் இல்லாமல். அதற்கு மேலே ரத்தம் கோத்த மூக்கு. அதற்கு மேலே அக்காவின் கண்கள். ஒன்று உடைந்திருந்தது. இன்னொன்று அவளைப் பார்த்தது.

இமைத்தது.

"அக்கா" என்றாள். "அக்கா, அக்கா, நான் பாக்கல, நான் பாக்கலக்கா."

அந்த ஒற்றைக் கண் அவள் முகத்தை விட்டு நகர்ந்தது. அவள் தோளுக்கு மேலே, பின்னால் எதையோ பார்த்தது. பார்த்து விரிந்தது.

இன்டர்காமில் அக்காவின் குரல் கேட்டது. அதே மூக்கடைப்பு. அதே செல்லம்.

"போதும்டி சுண்டு. களைச்சிட்ட பாரு."

சரளையில் காலடி. ஒன்று. இன்னொன்று. அவள் திரும்பவில்லை. ஓரக்கண்ணில் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. ஜாக்கெட்டின் கைத்துணி முழங்கையிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கை நீண்டுகொண்டே போயிற்று. வெளிறி, மயிரில்லாமல், மூட்டு இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மூட்டு.

அது அவள் தோளைத் தாண்டிக் கீழே இறங்கியது. அவசரமில்லாமல், நீண்ட இரண்டு விரல்களால் உடைந்த கண்ணாடியைப் பிடித்து, இன்னும் இமைத்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணின் மேல் மெல்ல இறக்கி மூடியது.